காட்டுக்கும் மலைக்கும் போறப்போ போன் போதுமா, சேட்டிலைட் மெசஞ்சர் வேணுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மலையேற்றத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்து வைக்கணும்ன்னு எழுதினப்போ, கடைசியில ஒரு வரி மட்டும் 'டவர் இல்லாத இடத்துல தொடர்பு கொள்ள ஒரு வழி வச்சுக்கோங்க'ன்னு போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்ளோ கடிதங்கள். நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கறதால சேர்த்துப் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட புது ஐபோன் இருக்கு. அதுலயே சேட்டிலைட் எஸ்ஓஎஸ் (டவர் இல்லாத இடத்துல சேட்டிலைட் வழியா அவசர உதவி கேக்கற வசதி) வருது. அப்புறம் எதுக்கு கார்மின் இன்ரீச், சோலியோ மாதிரி சேட்டிலைட் மெசஞ்சர்ன்னு, டவர் இல்லாமலே மெசேஜ் அனுப்பற ஒரு டிவைஸைத் தனியா தூக்கிட்டுப் போகணும்?

தம்பி, போன்ல வந்திருக்கற வசதி உண்மையிலேயே பெரிய விஷயம், அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். 2022 நவம்பர்ல ஐபோன் 14-க்கு அமெரிக்காவுலயும் கனடாவுலயும் இது வந்தப்புறம், தனி டிவைஸ் வாங்கவே போறதில்லைங்கற லட்சக்கணக்கான பேர் கையிலயும் ஒரு எஸ்ஓஎஸ் வந்துடுச்சு. 2024-ல ஐஓஎஸ் 18 வந்தப்போ சில நாடுகள்ல சாதாரண மெசேஜையே சேட்டிலைட் வழியா அனுப்ப முடிஞ்சுது, அதே வருஷம் கூகுள் பிக்ஸல் 9-லயும் சேட்டிலைட் எஸ்ஓஎஸ் வந்துச்சு, 2025 ஜூலையில அமெரிக்காவுல டி-மொபைல்ங்கற போன் கம்பெனி ஸ்டார்லிங்க் சேட்டிலைட் வழியா சாதாரண போனுக்கே மெசேஜ் சேவை ஆரம்பிச்சுது. ஒருநாள் நடை, தெரிஞ்ச பாதை, நிறைய பேர் வந்து போற இடம், உங்க நாட்டுல அந்தச் சேவையும் இருக்குன்னா போனே போதும்ன்னு தைரியமா சொல்லுவேன்.

ஆனா ரெண்டு மூணு நாள் உள்ள போறீங்கன்னா கணக்கு மாறுது. அந்தப் போன்தான் உங்க கேமரா, அதுதான் மேப், அதுதான் டார்ச், ராத்திரி டென்ட்டுக்குள்ள பாட்டு கேக்கறதும் அதுலதான். எல்லா வேலையும் ஒரே பேட்டரியில ஓடுது. மூணாவது நாள் சாயங்காலம் 11 சதவீதம் இருக்கறப்போ ஒருத்தருக்குக் கால் முறிஞ்சா உதவி கேக்கவும் அந்த 11 சதவீதம்தான் இருக்கு. பேட்டரியை விடுங்க, கீழ விழுற ஆளோட பாக்கெட்லதான் போனும் இருக்கும். பாறையில சறுக்கி விழுறப்போ முதல்ல அடி வாங்குறது இடுப்பும் தொடையும்தான், போன் இருக்கறதும் அங்கதான். ஆத்துல கால் வழுக்கினா ஆளோட சேர்ந்து போனும் முங்கும். உங்களுக்கு உதவி தேவைப்படுற அதே நிமிஷத்துல போனும் உடைஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, தனி டிவைஸோட அருமை இங்கதான் தெரியும்.

இன்னொண்ணு, மழையில நனைஞ்ச விரலால டச் ஸ்கிரீன்ல டைப் பண்ணிப் பாருங்க. ஒரு எழுத்தைத் தொட்டா வேற எழுத்து விழும், ஸ்கிரீன் மேல விழுற ஒவ்வொரு மழைத்துளியையும் போன் விரல்ன்னே நினைச்சுக்கும், குளிர்ல விறைச்ச கையா இருந்தா கேக்கவே வேணாம். இன்ரீச் மினி மாதிரி டிவைஸ்ல பக்கவாட்டுல ஒரு சின்ன மூடி இருக்கும், அதை நெம்பித் திறந்து உள்ள இருக்கற எஸ்ஓஎஸ் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சா கவுன்ட் டவுன் ஓடி முடிஞ்சதும் சிக்னல் கிளம்பிடும். கிளவுஸ் போட்ட கையாலயும் பண்ணலாம், மூக்குக் கண்ணாடி ஒடஞ்சு போயிருந்தாலும் தடவிப் பாத்துப் பண்ணலாம். சுமார் 100 கிராம் எடைதான், ஒரு தண்ணி பாட்டிலோட கால்வாசி கூட இல்ல.

அதனால எது உசத்தின்னு பட்டிமன்றம் வேண்டாம். போன் மேப்புக்கும் போட்டோவுக்கும் இருக்கட்டும், உதவி கேக்கற வேலைக்கு வேற பேட்டரி, வேற உடம்பு உள்ள ஒரு டிவைஸ் இருக்கட்டும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு உசுரோட இருக்கணும், அவ்ளோதான்.

கேள்வி: டவர் சுத்தமா இல்லாத இடத்துலயும் மேப்ல நான் இருக்கற இடத்தை நீலப் புள்ளி சரியா காட்டுது. அப்போ ஜிபிஎஸ் சேட்டிலைட்டுக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியும்தானே, அதை வச்சு மீட்புக்குழு என்னைக் கண்டுபுடிக்க முடியாதா?

முடியாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் தயவுசெஞ்சு புரிஞ்சுக்கணும், ஏன்னா இதை நம்பி வீட்டுல எதுவுமே சொல்லாம கிளம்பிப் போறவங்க இருக்காங்க. ஜிபிஎஸ் சேட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்திக்கிட்டு நேரத்தையும் தன்னோட இடத்தையும் சும்மா அறிவிச்சுக்கிட்டே இருக்கும், உங்க போன் நாலு சேட்டிலைட்டோட அறிவிப்பையாவது கேட்டு, எது எவ்ளோ தாமதமா வந்துச்சுன்னு கணக்குப் போட்டு தன் இடத்தைத் தானே தெரிஞ்சுக்குது. போன்ல இருந்து மேல எதுவுமே போறதில்ல. ரேடியோ கேக்கறவர் எந்த வீட்டுல உக்காந்து கேக்கறார்ன்னு ரேடியோ நிலையத்துக்கு எப்படித் தெரியாதோ, அதே மாதிரிதான் இதுவும்.

ஆனா அந்த நீலப் புள்ளியால வேற பெரிய பிரயோஜனம் இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஏரியா மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிட்டீங்கன்னா, ஏர்பிளேன் மோடுல போட்டாலும் இப்போ இருக்கற பெரும்பாலான போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யும், வழி தவறாம இருக்கலாம். வழி தவறாம இருந்தாலே பாதி எஸ்ஓஎஸ் தேவைப்படாது.

கேள்வி: என் பிரண்டோட போன் 'இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு'ன்னு சேட்டிலைட்டைத் தேடச் சொல்லுது. ஆனா எங்க குழுவுல ஒருத்தர் வச்சிருக்கற இன்ரீச் பை மேல பாட்டுக்குத் தொங்குது, அதுவா அனுப்பிக்குது. ரெண்டுமே சேட்டிலைட்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

நல்ல கேள்வி, டிவைஸ் வாங்குறவங்க பல பேர் கடைசி வரைக்கும் இதைக் கேக்கறதே இல்ல. பேசுறது வேற வேற சேட்டிலைட்டோட.

இன்ரீச்சும் சோலியோவும் பேசுறது இரிடியம்ங்கற சேட்டிலைட் கூட்டத்தோட. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்துல 66 சேட்டிலைட்டுங்க வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் மேல போற மாதிரி சுத்திக்கிட்டிருக்கும். ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கற சேட்டிலைட்டோட வானத்துலயே பேசிக்கும், அதனால உங்க மெசேஜை வாங்குன சேட்டிலைட்டுக்குக் கீழ தரைநிலையம் எதுவும் இல்லைன்னாலும் கைமாத்தி கைமாத்திக் கொண்டுபோய் சேர்த்துடும். நடுக்கடல், துருவம், பாலைவனம் எங்க இருந்தாலும் வேலை செய்யறது இதனாலதான். ஒரு சேட்டிலைட் உங்க தலைக்கு மேல கடந்து போக பத்து நிமிஷத்துக்கும் கம்மியாத்தான் ஆகும், அது போறதுக்குள்ள அடுத்தது வந்துடும். டிவைஸ்ல குட்டியா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற ஆண்டெனா இதுக்குன்னே செஞ்சது, அதனால குறிபார்த்துக் காட்ட வேண்டியதில்ல, வானத்தைப் பாத்து நிமிர்ந்து இருந்தாப் போதும்.

ஐபோனும் ஸ்பாட்ங்கற இன்னொரு வகை டிவைஸும் பேசுறது குளோபல்ஸ்டார்ங்கற வேற சேட்டிலைட் கூட்டத்தோட. அது சுமார் 1,400 கிலோமீட்டர் உயரம். சேட்டிலைட்டுங்க தங்களுக்குள்ள பேசிக்கறதில்ல, உங்ககிட்ட வாங்குனதை அப்படியே கீழ இருக்கற தரைநிலையத்துக்குத் திருப்பி விடும். அதனால ஒரே நேரத்துல உங்களுக்கும் தரைநிலையத்துக்கும் அது தெரிஞ்சாகணும். போன்ல இருக்கறதோ உள்ளயே அடங்கின குட்டி ஆண்டெனா, அனுப்புற சக்தியும் கம்மி, அதனாலதான் ஸ்கிரீன்ல வளைவு போட்டு இந்தப் பக்கம் திரும்புன்னு சொல்லுது. திறந்த வெளியில 15 வினாடியில ஒரு மெசேஜ் போகலாம்ன்னும், மரம் கொஞ்சம் மறைச்சாலே ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகலாம்ன்னும், 62 டிகிரி அட்சரேகைக்கு மேல வேலை செய்யாமப் போகலாம்ன்னும் ஆப்பிளே சொல்லியிருக்கு. நல்லா இருக்கற ஆளு எழுந்து நின்னு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டலாம், இடுப்பெலும்பு ஒடஞ்சு கவுந்து கெடக்குறவர் எப்படிக் காட்டுவார்ன்னு யோசிச்சுப் பாருங்க.

பிக்ஸல் மாதிரி சில போன்கள் பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கிலோமீட்டர் உயரத்துல அசையாம நிக்கற சேட்டிலைட்டோட பேசுது. திசை மாறாது, அது வசதி. ஆனா நீங்க வடக்கேயோ தெற்கேயோ தள்ளிப் போகப் போக அது வானத்துல தாழ்வா இறங்கிடும், நடுவுல ஒரு மலை முகடு நின்னுச்சுன்னா அவ்ளோதான், காத்திருந்தாலும் வராது, நீங்கதான் இடம் மாறணும்.

கேள்வி: அடர்ந்த காட்டுல மெசேஜ் அனுப்பினேன், போகவே இல்ல. டிவைஸ் ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் இல்ல. நனைஞ்ச இலை அடர்த்தி, குறுகலான பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இதெல்லாம் வானத்தை மறைக்கும். இரிடியத்துலயே இந்த மாதிரி இடத்துல பத்து இருவது நிமிஷம் ஆகறது சகஜம். டிவைஸைப் பைக்குள்ள போட்டு மூடிட்டு, அதை வயித்தோட அணைச்சுக்கிட்டு நடந்தா உங்க உடம்பே பாதி வானத்தை மறைச்சுடும். தோள்பட்டை வார்ல ஆண்டெனா மேல பாத்த மாதிரி மாட்டுங்க. அவசரம்ன்னா ஆத்தோரம், சரிவுல மரம் இல்லாத திட்டு, விழுந்த பெரிய மரத்தால உண்டான இடைவெளி இப்படி எங்கயாவது வெச்சுட்டு அசைக்காம விடுங்க, சும்மா எடுத்து எடுத்துப் பாக்காதீங்க.

அப்புறம் டிராக்கிங் வசதியை ஆன் பண்ணியே வைங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீங்க இருக்கற இடம் பதிவாகிட்டே இருக்கும். மெசேஜ் அனுப்ப முடியாத நிலைமையே வந்தாலும் கடைசியா எங்க இருந்தீங்கன்னு ஒரு புள்ளி இருக்கும், தேடுறவங்களுக்கு மொத்த மலையையும் சலிக்கறதுக்கும் ஒரு சரிவைத் தேடுறதுக்கும் இருக்கற வித்தியாசம் அதுதான்.

கேள்வி: பிஎல்பின்னு ஒண்ணு சொல்றாங்களே, அது மெசஞ்சரை விட நல்லதா? மாசாமாசம் பணம் கட்ட வேண்டாமாமே?

பிஎல்பி, அதாவது பர்சனல் லொகேட்டர் பீக்கன், உயிர் காக்கறதுக்குன்னு மட்டுமே செஞ்ச சாதனம். பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. ஆண்டெனாவைப் பிரிச்சு நீட்டி, பட்டனை அழுத்தினா 406 மெகாஹெர்ட்ஸ்ல 5 வாட் சக்தியில கத்த ஆரம்பிக்கும். சேட்டிலைட் மெசஞ்சர் அனுப்புறது இதுல மூணுல ஒரு பங்கு கூட வராது, அதனால மரம் மட்டையைத் தாண்டிப் போறதுல பிஎல்பிக்கு நிகர் இல்ல. கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சின்ன சிக்னலும் விடும், பக்கத்துல வந்துட்ட ஹெலிகாப்டரும் தரையில தேடுற ஆளுங்களும் அதை வச்சு நேரா உங்ககிட்ட வருவாங்க. ஆன் பண்ணதுல இருந்து குறைஞ்சது 24 மணி நேரம் ஓடணுங்கறது விதி. பயன்படுத்தாம வச்சிருந்தா பேட்டரி அஞ்சாறு வருஷம் இருக்கும், சார்ஜ் போட மறந்துட்டேங்கற பேச்சுக்கே இடமில்ல. சந்தாவும் இல்ல.

இந்தச் சிக்னலைச் சேட்டிலைட்ல புடிச்சு மீட்புப் படைக்குச் சொல்ற அமைப்பு காஸ்பஸ்-சார்சாட். பனிப்போர் உச்சத்துல இருந்த காலத்துல, 1979-ல அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நாலு நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஆரம்பிச்சது. 1982 செப்டம்பர்ல கனடாவுல விழுந்த ஒரு சின்ன விமானத்துல இருந்தவங்களைக் காப்பாத்தினதுதான் அதோட முதல் மீட்பு. ஒருத்தரை ஒருத்தர் ஏவுகணையால குறி வச்சிருந்த நாடுகள் காணாமப் போனவங்களைத் தேடுறதுக்கு மட்டும் ஒண்ணா சேட்டிலைட் விட்டாங்கங்கறதை நினைச்சா இன்னைக்கும் மனசு நெகிழுது.

குறை என்னன்னா, அழுத்திட்டு காத்திருக்கணும். என்ன அடி, எத்தனை பேர், நடக்க முடியுமா, எதுவும் சொல்ல முடியாது. சிக்னல் போய்ச் சேர்ந்துச்சான்னே பழைய மாடல்கள்ல தெரியாது. கலிலியோங்கற ஐரோப்பிய சேட்டிலைட் வழியா 'உங்க சிக்னல் வந்துடுச்சு'ன்னு விளக்கு எரிஞ்சு காட்டுற வசதி 2020-ல தொடங்குச்சு, அது உள்ள புது மாடலா பாத்து வாங்குங்க, உங்க நாட்டுல அது அனுமதிச்சிருக்கான்னும் பாத்துக்கோங்க. 'லேட்டாகும், கவலைப்படாதீங்க'ன்னு வீட்டுக்குச் சொல்லவும் இதுல வழியில்ல. நான் பார்த்த வரைக்கும் காட்டுல வர்ற பிரச்சனையில பெரும்பங்கு இந்த 'லேட்டாகும்' ரகம்தான், அதனால முதல்ல வாங்குறது ஒண்ணுதான்னா ரெண்டு பக்கமும் பேசுற மெசஞ்சரைத்தான் சொல்லுவேன். தனியா, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துக்கு அடிக்கடி போறவரா இருந்தா பிஎல்பியும் ஒண்ணு சேர்த்து வச்சுக்கோங்க. வாங்கினதும் உங்க பேர், வீட்டு ஆளுங்க நம்பரோட பதிவு பண்ணுங்க. பழசு வாங்கினா இதுக்கு முன்னாடி வச்சிருந்தவர் பேர்லயே பதிவு இருக்கும், நீங்க அழுத்துறப்போ அவர் வீட்டுக்குப் போன் போகும்.

கேள்வி: ஐயா, என் மகன் மலையேறப் போறவன். தினமும் சாயங்காலம் 'நல்லா இருக்கேன்'ன்னு ஒரு மெசேஜ் வரும். போன தடவை ஒருநாள் ராத்திரி வரவே இல்ல. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். யாரைக் கூப்பிடுறதுன்னே தெரியல. காலையில பத்து மணிக்கு மெசேஜ் வந்துச்சு, பேட்டரி தீந்துடுச்சாம். இந்தக் கருவி வர்றதுக்கு முன்னாடி இவ்ளோ பயந்ததில்ல.

அம்மா, உங்க கடிதத்தைப் படிச்சதும் இதுக்குத்தான் முதல்ல பதில் எழுதினேன். தப்பு உங்க பயத்துலயும் இல்ல, கருவியிலயும் இல்ல. மெசேஜ் வரலைன்னா என்ன அர்த்தம்ன்னு நீங்களும் உங்க பையனும் உக்காந்து பேசி முடிவு பண்ணாமலே அவர் கிளம்பிட்டார், அதுதான்.

மெசேஜ் வராம இருக்க பத்து காரணம் இருக்கும்மா, ஒன்பது சாதாரணமானது. பள்ளத்தாக்குல தங்கியிருப்பாங்க, பேட்டரி தீந்திருக்கும், களைச்சுப் போய்த் தூங்கியிருப்பார், ஸ்பாட் மாதிரி ஒருவழி டிவைஸா இருந்தா அவர் அனுப்பிட்டதாவே நினைச்சிருப்பார், ஆனா வந்திருக்காது. அதனால ஒரு மெசேஜ் தவறினா ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. அதே நேரம் எவ்ளோ நேரம் தவறினா ஆபத்துன்னு எடுத்துக்கணும்ங்கறதை கிளம்புறதுக்கு முன்னாடி உங்க பையன்தான் எழுதிக் குடுக்கணும்.

அடுத்த தடவை அவர்கிட்ட ஒரு தாள் கேட்டு வாங்குங்க. எந்த வழியா போறார், எங்கெங்க தங்குறார், கூட யார், அவங்க வீட்டு நம்பர், டென்ட் என்ன கலர், ஜாக்கெட் என்ன கலர், எந்த தேதி திரும்புவார், எல்லாம் அதுல இருக்கணும். எல்லாத்தையும் விட முக்கியம், 'இந்தத் தேதி இந்த மணி வரைக்கும் எந்தத் தகவலும் இல்லைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு ஒரு வரி, அந்த ஏரியாவுல தேடுதல் பொறுப்புல இருக்கற அலுவலகத்தோட நம்பரோட. அந்த மணி வர்றதுக்கு முன்னாடி நீங்க பதறாம இருக்கலாம், அந்த மணி தாண்டிட்டா யாரையும் கேக்காம கூப்பிடலாம், 'தொந்தரவு பண்றோமோ'ன்னு தயங்கவே வேண்டாம். டிராக்கிங் பக்கத்தோட லிங்க்கையும் போன்ல போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, கடைசிப் புள்ளி எந்த மணிக்கு விழுந்துச்சுன்னு எப்படிப் பாக்கறதுன்னு உங்க கையாலயே ஒரு தடவை பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

உங்க பையனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தினமும் சாயங்காலம்ன்னு வாக்குக் குடுத்தா அதைக் காப்பாத்துற அளவு பேட்டரி மிச்சம் வைங்க, முடியாதுன்னா வாக்கே குடுக்காதீங்க. பேட்டரி தீரப்போகுதுன்னு தெரிஞ்சதும் அனுப்ப வேண்டிய கடைசி மெசேஜ் அதுதான்: 'பேட்டரி முடியுது, நல்லா இருக்கேன், நாளைக்குத் தகவல் வராது'.

கேள்வி: கணுக்கால் சுளுக்கினா எஸ்ஓஎஸ் அழுத்தலாமா? அழுத்தினா உண்மையில என்னதான் நடக்கும்?

சுளுக்கு சாதாரணமா இருந்து கட்டுப் போட்டு நடக்க முடியும்ன்னா வேண்டாம், வீட்டுக்கோ நண்பருக்கோ மெசேஜ் அனுப்பி மெதுவா இறங்குங்க. அதே சுளுக்கு, தனியா இருக்கீங்க, இருட்டுது, பனி பெய்யுது, தரையில காலை வைக்கவே முடியலைன்னா தயங்காம அழுத்துங்க. நானாப் போய்ச் சேர முடியாது, இங்கயே இருந்தா நிலைமை மோசமாகும்ன்னு தோணுச்சுன்னா அதுதான் நேரம். உசுருக்கு ஆபத்து வந்தப்புறம் அழுத்தலாம்ன்னு கடைசி வரைக்கும் காத்திருக்கறது வேண்டவே வேண்டாம், ஏன்னா அழுத்தினதும் அரை மணியில ஹெலிகாப்டர் வந்து நிக்காது.

மெசஞ்சர்ல அழுத்தினா 24 மணி நேரமும் ஆள் இருக்கற ஒரு கண்காணிப்பு மையத்துக்குப் போகும். அவங்க உங்களுக்குத் திருப்பி மெசேஜ் அனுப்புவாங்க: என்ன ஆச்சு, எத்தனை பேர், நினைவு இருக்கா, ரத்தம் போகுதா. உடனே நீங்க குடுத்து வச்சிருக்கற அவசர நம்பருக்கும் கூப்பிடுவாங்க, அப்புறம் உங்க இடத்தை அந்தப் பகுதி மீட்புப் படைக்குச் சொல்லுவாங்க. கிளம்பி வர்றது அந்த உள்ளூர் ஆளுங்கதான், அவங்களுக்கு வானிலை சரியா இருக்கணும், வழி இருக்கணும், பல நேரம் நடந்துதான் வரணும். சில மணி நேரம் ஆகறது சாதாரணம், ராத்திரியில விடியற வரைக்கும் கூட ஆகலாம். அதனால டிவைஸ் இருக்குன்னு கதகதப்பான துணியையும் டார்ச்சையும் விட்டுட்டுப் போறது பெரிய தப்பு.

முதல் மெசேஜ்லயே முக்கியமானதை வச்சுடுங்க. '2 பேர். ஒருத்தருக்கு வலது தொடை எலும்பு முறிவு, நினைவு இருக்கு, ரத்தம் நின்னாச்சு. நடக்க முடியாது. டென்ட் இருக்கு, தண்ணி இருக்கு. ஆத்துக்கு வடக்குக் கரை.' இவ்ளோ போதும். அழுத்தினப்புறம் டிவைஸை ஆஃப் பண்ணாதீங்க, வேற ஆபத்து இல்லைன்னா இடம் மாறாதீங்க. தெரியாம அழுத்திட்டீங்கன்னா பயந்துபோய் ஆஃப் பண்றதுதான் பலர் செய்யறது, அப்படிப் பண்ணினா மையத்துக்கு அது நிஜ ஆபத்தாத்தான் தெரியும். அதுலயே கேன்சல் பண்ணி 'தவறுதலா அழுத்திட்டேன், எல்லாரும் நல்லா இருக்கோம்'ன்னு அனுப்புங்க.

கேள்வி: பனியில போன் 40 சதவீதத்துல இருந்து பொசுக்குன்னு ஆஃப் ஆகுதே?

குளிர்ல லித்தியம் பேட்டரிக்குள்ள நடக்கற வேதிவினை மந்தமாயிடும், சார்ஜ் உள்ள இருந்தாலும் வெளிய குடுக்க முடியாது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்ற அளவு 0-ல இருந்து 35 டிகிரி வரைக்கும்தான், இன்ரீச் மினி 2-க்கு மைனஸ் 20 வரைக்கும் சொல்லியிருக்காங்க. பகல்ல உடம்பை ஒட்டின உள்பாக்கெட், ராத்திரி தூங்குற பைக்குள்ள, அவ்ளோதான் வைத்தியம். ஆஃப் ஆன போனை சூடேத்தினா பல நேரம் மறுபடியும் உசுர் வந்துடும். 0 டிகிரிக்குக் கீழ பவர் பேங்க் சொருகி சார்ஜ் ஏத்தாதீங்க, பேட்டரி கெட்டுடும், முதல்ல கையில வச்சு சூடாக்கிட்டு அப்புறம் சொருகுங்க. டவர் இல்லாத இடத்துல போன் ஓயாம டவரைத் தேடிக்கிட்டே பேட்டரியைத் தின்னும், அதனால உள்ள நுழைஞ்சதும் ஏர்பிளேன் மோட்.

கேள்வி: வெளிநாட்டுல இருக்கற சித்தப்பா இன்ரீச் வாங்கி அனுப்பறேன்ங்கறார். எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம்ல?

கூடாது, முதல்ல சட்டத்தைப் பாருங்க. இந்தியாவுல டெலிகாம் துறையோட முன் அனுமதி இல்லாம சேட்டிலைட் போனோ இந்த மாதிரி மெசஞ்சரோ வச்சிருந்தாலே குற்றம். இன்ரீச் வச்சிருந்த வெளிநாட்டு மலையேறிகளை ஏர்போர்ட்லயே தடுத்து வழக்குப் போட்டிருக்காங்க, விளையாட்டுக்குக் கூட பைக்குள்ள போட்டுட்டுப் போகாதீங்க. சேட்டிலைட் தொடர்புக்குக் கட்டுப்பாடு உள்ள நாடுகள் இன்னும் இருக்கு, அதனால எந்த நாட்டுக்குப் போறீங்களோ அந்த நாட்டு விதியை டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. அனுமதி இல்லாத இடத்துல என்ன பண்றது? வீட்டுல குடுக்கற தாள் இன்னும் விவரமா இருக்கணும், தனியாப் போகக் கூடாது, அங்க அனுமதியோட வயர்லெஸ் வச்சிருக்கற வனத்துறை ஆளோ வழிகாட்டியோ கூட வரணும், விசில் கழுத்துலயே தொங்கணும். நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடியும் ஆறு தடவை. மலைப்பகுதியில பல நாடுகள்ல இதுதான் உதவிக்குறி, பதிலுக்கு மூணு தடவை சத்தம் வரும். போன்லயும் கொஞ்சம் சிக்னல் வந்து போற இடம்ன்னா கால் பண்ணிக்கிட்டே இருக்காதீங்க, எஸ்எம்எஸ் போடுங்க, கால் நிக்காத சிக்னல்லயும் அது நழுவிப் போயிடும். 112-க்குக் கூப்பிட்டா உங்க கம்பெனி டவர் இல்லைன்னாலும் பக்கத்துல இருக்கற வேற கம்பெனி டவர் எடுத்துக்க வாய்ப்பிருக்கு.

கேள்வி: நாங்க பத்து பேர் போறோம். தலைவர்கிட்ட ஒரு மெசஞ்சர் இருக்கு. போதும்தானே?

ஒண்ணு போதும், ஆனா அது தலைவருக்கு மட்டும் தெரிஞ்ச டிவைஸா இருந்தா போதாது. முன்னாடி நடக்கறவர்தான் முதல்ல விழுறவரும், அவர் பத்து மீட்டர் கீழ புதருக்குள்ள கெடக்கறப்போ டிவைஸ் அவர் பையோட அடிப்பாக்கெட்ல இருந்தா மேல நிக்கற ஒன்பது பேரும் என்ன பண்ணுவீங்க? கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லாரும் வட்டமா உக்காந்து டிவைஸைக் கைமாத்துங்க. ஒவ்வொருத்தரும் ஆன் பண்ணணும், எஸ்ஓஎஸ் மூடி எங்க இருக்குன்னு திறந்து பாக்கணும், பட்டனைத் தொடக்கூடாது, ஆளுக்கு ஒரு சாதாரண மெசேஜ் வீட்டுக்கு அனுப்பிப் பாக்கணும். திறந்தவெளியில பண்ணுங்க, ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு போகலையேன்னு சொல்லாதீங்க. சந்தா உசுரோட இருக்கான்னும் அப்பவே தெரிஞ்சுடும், போன சீசனோட நிறுத்தி வச்சதை மறந்துட்டு வர்றவங்க எல்லாக் குழுவுலயும் உண்டு. ஐபோன் வச்சிருக்கறவங்க செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் பகுதியில டெமோ இருக்கும், யாரையும் கூப்பிடாம சேட்டிலைட்டைப் புடிச்சுப் பழகலாம், அதையும் அன்னைக்கே பண்ணிடுங்க.

பாதையில டிவைஸை வரிசையோட நடுவுல வர்றவர் தோள்ல மாட்டுங்க. குழு ரெண்டாப் பிரியற நிலைமை வந்தா டிவைஸ் அடிபட்டவரோட இருக்கட்டும், உதவி கேட்டு இறங்குறவங்க போனையும் அந்த இடத்தோட ஜிபிஎஸ் எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) எழுதி வச்ச தாளையும் எடுத்துட்டுப் போகட்டும்.